1965, சிங்கப்பூர்: ஒரு நாடு பிரிந்த கதையில் நாம் பார்க்கத் தவறும் நாள்

1965 சிங்கப்பூர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, கால்டிகாட் குன்றில் இருந்த தொலைக்காட்சி நிலையம். சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் இயூ செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் குரல் அடைத்துக்கொள்கிறது, கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார், படப்பிடிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்கிறார். அந்த அழுகை உண்மையான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தக் காட்சியை மட்டுமே அறுபது வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து, கதை நம் மனதில் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: மலேசியா சிங்கப்பூரை வெளியே தள்ளியது, சிங்கப்பூர் அழுதுகொண்டே தனி நாடானது.

நடந்தது அவ்வளவு எளிமையானது இல்லை. இந்த ஆண்டைப் புரிந்துகொள்ள நாம் போய் நிற்க வேண்டிய இடம் 9ஆம் தேதி தொலைக்காட்சி நிலையம் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை 7ஆம் தேதி, கோலாலம்பூரில் சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான தெமாசெக் ஹவுஸ் என்ற வீடு. அங்கே சிங்கப்பூரின் இரண்டு அமைச்சர்கள் பிரிவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வாரமாக என்ன நடந்தது என்றே தெரியாது. அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

இரண்டு வருடக் கூட்டு

மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்தன. சிங்கப்பூரில் அதற்கு முந்தைய ஆண்டு, 1962 செப்டம்பர் 1 அன்று, மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். சேர வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் இல்லை, எந்த நிபந்தனையில் சேர்வது என்பதற்கு மூன்று வழிகள் மட்டும் இருந்தன. அரசு முன்வைத்த வழிக்குச் சுமார் 71 விழுக்காடு வாக்கு விழுந்தது. சேரும்போது இந்த அளவுக்காவது கேட்டார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சேர்ந்த நிபந்தனை என்ன? கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையில் இருக்கும். அதற்கு ஈடாகக் கூட்டரசு நாடாளுமன்றத்தில் 159 இடங்களில் அதற்குக் கிடைத்தது 15 மட்டுமே. தன் வருவாயில் 40 விழுக்காட்டைக் கூட்டரசுக்குக் கட்ட வேண்டும், போர்னியோ மாநிலங்களான சபா, சரவாக்கின் வளர்ச்சிக்கு 150 மில்லியன் வெள்ளி (டாலர்) கடன் தர வேண்டும், பதிலுக்குப் பொதுச் சந்தை வரும், மலாயா முழுவதும் சிங்கப்பூர்ச் சரக்கு வரியில்லாமல் போகும். அந்தப் பொதுச் சந்தை கடைசிவரை வரவில்லை. கூட்டரசின் நிதியமைச்சர் டான் சியூ சின் 40ஐ 60 ஆக்க வேண்டும் என்று கேட்டபோது, சிங்கப்பூரின் நிதியமைச்சர் கோ கெங் சுவீக்குக் கணக்கு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது.

ஆனால் பணத்தால் மட்டும் கூட்டு உடையவில்லை. சிங்கப்பூரின் 1963 தேர்தலில், கூட்டரசை ஆண்ட கூட்டணியின் முதன்மையான மலாய்க் கட்சியான அம்னோ தன் கோட்டை என்று நினைத்த கேலாங் சிராய் போன்ற மலாய்த் தொகுதிகளை லீயின் மக்கள் செயல் கட்சியிடம் இழந்தது. 1964 ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி பதிலுக்கு மலாயா தீபகற்பத்தில் போய்த் தேர்தலில் நின்று, பங்சார் என்ற ஒரே ஒரு தொகுதியில் ஜெயித்தது. ஜெயித்தவர் தேவன் நாயர். ஒரு தொகுதிதானே என்று இன்றைக்குத் தோன்றலாம். கோலாலம்பூரில் இருந்தவர்களுக்கோ அது தங்கள் வீட்டுக்குள் வைக்கப்பட்ட கால். அம்னோவின் பொதுச் செயலாளர் சையது ஜாஃபர் அல்பார் சிங்கப்பூருக்கு வந்து மலாய்க்காரர்களிடம் பேசிய பேச்சுகள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது: 23 பேர் செத்தார்கள், 454 பேர் காயப்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் ஒன்று, அதில் 13 பேர்.

அதாவது 1965 பிறக்கும்போதே ஊர் பயந்துபோய்த்தான் இருந்தது. இது போதாதென்று, மலேசியா உருவானதையே ஏற்காத இந்தோனேசியாவின் சுகர்னோ அரசு மோதல் கொள்கை என்று அறிவித்துக் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. மார்ச் 10 அன்று பிற்பகல், ஆர்ச்சர்ட் சாலையில் வங்கி இருந்த மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டில் 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயம். வைத்தவர்கள் இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள்.

மலேசியர்களின் மலேசியா

மே மாதத்தில் லீ ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். சிங்கப்பூர், தீபகற்பம், சரவாக் ஆகிய இடங்களின் ஐந்து எதிர்க்கட்சிகள் சேர்ந்து மலேசிய ஒற்றுமை மாநாடு என்ற அமைப்பை அறிவித்தன, "மலேசியர்களின் மலேசியா" என்பது முழக்கம். எந்த ஒரு இனத்துக்கும் நாடு தனியாகச் சொந்தம் இல்லை, குடிமக்கள் எல்லாருக்கும் சமமாகச் சொந்தம் என்பது அதன் பொருள். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த நாட்டில், அம்னோவின் காதில் இது வேறு மாதிரி விழுந்தது.

மே 27, நாடாளுமன்றத்தில் லீ பேசினார். அந்தப் பேச்சின் ஒரு பகுதியை மலாயில் பேசியதுதான் விஷயம். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் மேல்தட்டில் பாதிப் பேர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர் மலாயில், நல்ல மலாயில், சிறப்பு உரிமையால் கிராமத்து ஏழை மலாய்க்காரனுக்கு என்ன கிடைத்தது, அவன் வறுமை எப்படித் தீரும் என்று கேட்டார். அம்னோவின் பின்வரிசை உறுப்பினர்கள் அமைதியாகக் கேட்டார்கள் என்பதுதான் தலைவர்களைக் கலங்கடித்தது. நம் ஊர்க் கட்சி அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: எதிரி உன்னைத் திட்டினால் சமாளிக்கலாம், உன் தொண்டனிடம் அவன் மொழியிலேயே பேச ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். பிரிவுக்குப் பல காரணம் உண்டு, ஒன்றை மட்டும் சொல் என்றால் நான் இந்தப் பேச்சைத்தான் சொல்வேன்.

அப்புறம் லீயைக் கைது செய்ய வேண்டும் என்ற குரல்கள் வெளிப்படையாகவே எழுந்தன. அப்படிச் செய்தால் விளைவு மோசமாக இருக்கும் என்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் எச்சரித்துவைத்தார்.

ஜூனில் மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போனார். அங்கே அவருக்கு அக்கி வந்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் வலியோடு படுத்துக்கொண்டு, சிங்கப்பூரை வைத்துக்கொள்வதால் என்ன லாபம், விட்டுவிட்டால் என்ன நட்டம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். விட்டுவிடலாம் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. துணைப் பிரதமர் துன் ரசாக்குக்கு எழுதி, பேசிப் பார்க்கச் சொன்னார். ஆக, துங்கு தானாகவே அந்த முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். அதே சமயம் சிங்கப்பூரிலும் ஒருவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஜூலை: யாருக்கும் தெரியாத மூன்று வாரம்

கோ கெங் சுவீ மலாக்காவில் பிறந்தவர், பொருளியல் படித்தவர். உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கும் ஆள் கிடையாது. இந்த விவகாரத்துக்காக அவர் வைத்திருந்த கோப்புக்குக் கொடுத்த பெயர் "அல்பட்ராஸ்". அது ஒரு கடற்பறவை. ஆங்கிலத்தில் அது கழுத்தில் மாட்டிக்கொண்ட சுமையைக் குறிக்கும் சொல். மலேசியா என்ற கூட்டு சிங்கப்பூரின் கழுத்தில் தொங்கும் சுமையாகிவிட்டது என்று அவர் நினைத்தார் என்பதைக் கோப்பின் பெயரே சொல்லிவிடுகிறது.

ஜூலை 15 அவர் கோலாலம்பூரில் ரசாக்கையும் உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயிலையும் சந்தித்தார், 20ஆம் தேதி மறுபடியும் சந்தித்தார். லீ அனுப்பிவைத்தது கூட்டை எப்படித் தளர்த்தலாம் என்று பேசிப் பார்ப்பதற்காக. கோ அங்கே போய் வைத்த யோசனையோ ஒரேயடியாக வெட்டிக்கொள்வது. இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் வைத்த நிபந்தனைகளும் தெளிவானவை: சீக்கிரம் முடிய வேண்டும், வெளியே ஒரு சொல் கசியக்கூடாது, குறிப்பாகப் பிரிட்டிஷாருக்குத் தெரியவே கூடாது, ஒற்றுமை மாநாட்டில் லீ இன்னும் ஆழமாக இறங்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டும், ஆகஸ்ட் 9 நாடாளுமன்றம் கூடும் நாளில் மசோதா தயாராக இருக்க வேண்டும்.

ஜூலை 26 தேதியிட்டு லீ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், எழுத்தில் அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது கோதான். அந்தக் கடிதத்தில் பிரிவு என்ற சொல்லே இல்லை. ரசாக், இஸ்மாயில் முதலியோருடன் "மலேசியாவின் அரசியலமைப்பு மறுசீரமைப்பு" பற்றிய எந்த யோசனையையும் விவாதிக்க கோவுக்கு அதிகாரம் தரப்படுகிறது, அவ்வளவுதான். நான் இந்த ஒரு வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். தளர்வான கூட்டும் அதில் அடங்கும், முழுப் பிரிவும் அடங்கும். எழுதியவருக்கு மனதில் இன்னும் ஒரு கதவு திறந்திருந்தது, வாங்கியவருக்கோ தேவையான அகலம் கிடைத்துவிட்டது.

சட்டத்துறை அமைச்சர் எட்மண்ட் பார்க்கர் பிரிவு ஒப்பந்தத்தையும், மலேசிய அரசியல் சட்டத் திருத்தத்தையும், சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதினார். ஒரு நாடு உருவாகும் ஆவணங்கள் இவ்வளவு சிலர் கையில் தயாரானது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் தண்ணீர் பற்றிய ஷரத்தை மட்டும் எழுதியவர் வேறொருவர். லீயின் மனைவி குவா கியோக் சூ, அவரும் வழக்கறிஞர். சிங்கப்பூருக்கு அன்று குடிநீரில் பெரும்பகுதி ஜொகூரிலிருந்து குழாயில் வந்துகொண்டிருந்தது; 1961இலும் 1962இலும் போட்ட இரண்டு ஒப்பந்தங்கள்தான் அதற்கு ஆதாரம். அவை நகராட்சி அளவிலான ஒப்பந்தங்கள். ஜொகூர் மாநிலம் நாளைக்கு மனம் மாறினால்? அதனால் அந்த இரண்டு ஒப்பந்தங்களுக்கும் மலேசிய அரசே உத்தரவாதம் தருகிறது என்ற வாசகம் பிரிவுச் சட்டத்துக்குள்ளேயே, 14ஆம் ஷரத்தாக, நுழைக்கப்பட்டது. ஒப்பந்தம் பின்னால் ஐக்கிய நாடுகள் சபையில் பதிவும் செய்யப்பட்டது. இது எவ்வளவு தேவைப்பட்டது என்பது பிரிந்த உடனேயே தெரிந்துபோனது: சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை பாதகமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துவதாக மிரட்டலாம் என்று துங்கு பிரிட்டிஷ் தூதரிடம் சொன்ன சேதி லீயின் காதுக்கு வந்தது. 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். அந்தப் பத்தியை எழுதிய பெண்ணின் பெயர் பிரிவைப் பற்றிய பேச்சுகளில் அடிபடுவதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆகஸ்ட் 3. லீ குடும்பத்தோடு கேமரன் மலையில் விடுமுறையில் இருந்தார். கோ கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, விஷயம் முடிவாகிவிட்டது, சம்மதம்தானே என்று கேட்டார். இருவரும் பேசியது தட்டுத்தடுமாறிய மாண்டரின் சீனத்தில். தொலைபேசி இணைப்பகத்தில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் சட்டென்று புரிந்துவிடக் கூடாது என்பதற்காக! இருவருக்குமே ஆங்கிலம்தான் வேலை மொழி. தனக்கு நன்றாக வராத மொழியில் ஒரு நாட்டின் தலையெழுத்தைப் பேசி முடித்தார்கள்.

6ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோவும் பார்க்கரும் ரசாக்கின் வீட்டில் உட்கார்ந்து கடைசித் திருத்தங்களைச் செய்தார்கள். தட்டச்சு இழுத்துக்கொண்டே போனது. நள்ளிரவு தாண்டி, அதாவது 7ஆம் தேதி ஆன பிறகு, கையெழுத்தானது. மலேசியா தரப்பில் ஐந்து பேர்: துங்கு, ரசாக், இஸ்மாயில், டான் சியூ சின், அப்புறம் வீ. தி. சம்பந்தன். ஆமாம், மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவர், சுங்கை சிப்புட்காரர். அதே தாளில் சிங்கப்பூர்ப் பக்கத்தில் இன்னொரு தமிழரின் கையெழுத்தும் விழ வேண்டியிருந்தது, அவர் இன்னும் எதுவும் தெரியாமல் சிங்கப்பூரில் இருந்தார்.

தெமாசெக் ஹவுஸ்

எஸ். ராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அப்பாவுக்கு மலாயாவில் ரப்பர்த் தோட்ட வேலை, அதனால் வளர்ந்தது சிரம்பானில். லண்டனில் படித்தார், பத்திரிகையாளராக எழுதினார், மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 1959 முதல் கலாசார அமைச்சர். மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாடு, எல்லா இனத்துக்கும் சொந்தமான நாடு என்பது அவருக்கு வெறும் மேடைப் பேச்சு இல்லை, வாழ்நாள் முழுவதும் எழுதிவந்த விஷயம். துணைப் பிரதமர் டோ சின் சாய் கட்சியின் தலைவர், பேராக்கில் பிறந்தவர், ஒற்றுமை மாநாட்டுக்காக ஓடியாடி வேலை பார்த்தவர்.

7ஆம் தேதி காலை இருவருக்கும் லீயிடமிருந்து அழைப்பு போனது: கிளம்பி வாருங்கள். டோ முதலில் வந்தார். ராஜரத்தினம் மலாய் அமைச்சர் ஒத்மான் வோக்கோடு ஒரே காரில் வந்தார். அன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போவது அரை நாள் பயணம். ராஜரத்தினம் போகிற வழியில் தன் சிரம்பானையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், தெற்கிலிருந்து வருகிற பழைய நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போகிறது. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது.

தெமாசெக் ஹவுஸுக்கு வந்ததும் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். டோ மறுத்தார். ராஜரத்தினமும் மறுத்தார். ஒத்மான் வோக்குக்கும் கவலை இருந்தது, ஆனால் அவர் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். மறுத்தவர்கள் சொன்ன நியாயம் நியாயமானது: தீபகற்பத்திலும் சரவாக்கிலும் நம்மை நம்பி வந்தவர்களை என்ன செய்வது? இரண்டு மாதம் முன்பு, ஜூன் 6 அன்று, சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஒரே மேடையில் நின்று உறுதி சொன்னோமே?

இதற்கிடையில் லீ துங்குவைப் போய்ப் பார்த்தார். முழுப் பிரிவுக்குப் பதிலாகத் தளர்வான கூட்டாட்சி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். துங்கு முடியாது என்றார். கேட்டது இதே லீ. மூன்று வாரமாக ஒப்பந்தம் எழுதப்படுவதற்குச் சம்மதித்ததும் இதே லீ. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் நண்பர்களின் முகத்தைப் பார்த்த பிறகு ஒரு மனிதன் மறுபடியும் போய்க் கேட்டுப் பார்த்தான், அவ்வளவுதான்.

டோவும் ராஜரத்தினமும் அசையவில்லை. அவர்களை நேரில் சந்தித்துச் சொல்லுங்கள் என்று துங்குவிடம் லீ கேட்டபோது, சந்தித்துப் பேச இனி எதுவுமில்லை என்று துங்கு மறுத்து, டோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். வேறு வழியே இல்லை, நிலைமையை முழுதாகக் கட்டுப்படுத்தும் வலிமை தன்னிடம் இல்லை என்பதுதான் சாரம். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் டோ கையெழுத்துப் போட்டார். டோ போட்டதும் ராஜரத்தினம் போட்டார். இரண்டாம் கலவரம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பிணங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். மிரட்டலுக்கு வளைந்துகொடுத்தார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லீ விமானத்தில் சிங்கப்பூர் திரும்பி மிச்சக் கையெழுத்துகளை வாங்கினார். மொத்தம் பத்து அமைச்சர்கள். பிரிட்டிஷ் தூதர் ஆண்டனி ஹெட்டுக்கு விஷயம் தெரிந்தபோது 8ஆம் தேதி இரவாகிவிட்டது. தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கோ போட்ட கணக்கு சரியாகவே வந்தது.

9ஆம் தேதி

காலை 10 மணிக்கு வானொலியில் பாட்டு நிகழ்ச்சியை நிறுத்திப் பிரகடனத்தை வாசித்தார்கள். அதே நேரத்தில் கோலாலம்பூரில் துங்கு நாடாளுமன்றத்தில் பேசினார்: ஒன்று சிங்கப்பூர்த் தலைவர்கள்மீது அடக்குமுறையை ஏவ வேண்டும், இல்லாவிட்டால் உறவைத் துண்டிக்க வேண்டும், முதலாவதில் தனக்கு விருப்பமில்லை என்றார். மசோதா மூன்று வாசிப்பும் அன்றே முடிந்தது, கீழவையில் 126 வாக்கு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சையது ஜாஃபர் அல்பார் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. லீயைச் சிறையில் போட்டுச் சிங்கப்பூரை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு இது தோல்வி, பிறகு பொதுச் செயலாளர் பதவியிலிருந்தும் விலகினார். யாருக்கு இந்த முடிவு அதிகம் கசந்தது என்று பார்த்தாலே துங்கு எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தார் என்று விளங்கும்.

சிங்கப்பூர் சைனாடவுனில் கடைக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். கால்டிகாட் குன்றில் லீ அழுதார். இரண்டும் ஒரே நாளில், சில மைல் தூரத்தில்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம், துரத்தினார்களா, விலகினார்களா? என் முடிவு இது. லண்டன் கட்டிலில் துங்கு ஒரு பக்கமிருந்து நடந்துவந்தார், அல்பட்ராஸ் கோப்போடு கோ மறுபக்கமிருந்து நடந்துவந்தார், இருவரும் ரசாக்கின் வீட்டில் சந்தித்துக்கொண்டார்கள். லீ இரண்டுக்கும் நடுவில் நின்றார். ஆனால் டோ, ராஜரத்தினம், ஒத்மான் வோக், சிங்கப்பூரின் சுமார் 19 லட்சம் மக்கள் ஆகியோரைப் பொறுத்தவரை துரத்தப்பட்டார்கள் என்ற சொல்தான் பொருந்தும், ஏனென்றால் அவர்களை யாரும் கேட்கவே இல்லை. 1962இல் சேருவதற்கு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள், 1965இல் வானொலியில் சொன்னார்கள். ரகசியமாகச் செய்யாமல் இருந்திருந்தால் பிரிட்டிஷார் தடுத்திருப்பார்கள், தெருவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ரகசியம் உயிர்களைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன். அதற்காக அதன் விலையை மறைக்க வேண்டியதில்லை.

விலையைத் தனியாளாகக் கொடுத்தவர் தேவன் நாயர். அவர் பங்சார் தொகுதி உறுப்பினர், பங்சார் மலேசியாவில் இருக்கிறது. சிங்கப்பூரின் 15 உறுப்பினர்களும் ஒரே நாளில் அந்த அவையிலிருந்து போய்விட, அவர் மட்டும் அங்கே மிஞ்சினார், கட்சியே வேறு நாட்டுக் கட்சியாகிவிட்டது. அவர் ஓடிவரவில்லை. அங்கேயே இருந்து, 1966இல் பதிவான ஜனநாயக செயல் கட்சியை உருவாக்கினார். சிங்கப்பூர் திரும்பி அதிபரானதெல்லாம் பின்னாள் கதை.

மிச்சமிருந்த ஐந்து மாதம்

கையெழுத்துப் போடவே மறுத்த ராஜரத்தினம் புது நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்று அதுவரை இருந்ததே இல்லை. செப்டம்பர் 21 அன்று சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் சபையில் 117ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அங்கே போனவர்கள் டோவும் ராஜரத்தினமும். சிங்கப்பூரைச் சேர்க்க முன்மொழிந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கையெழுத்துப் போட்டு ஆறரை வாரம்தான் ஆகியிருந்தது. மனதுக்குள் என்னென்ன ஓடியிருக்கும் என்று என்னால் ஊகிக்க மட்டும்தான் முடிகிறது.

அக்டோபரில் காமன்வெல்த்தில் இடம் கிடைத்தது. அதற்குச் சற்று முன், செப்டம்பர் 30 இரவில் தொடங்கிய ஜகார்த்தா கொந்தளிப்பால் சுகர்னோவின் பிடி தளர ஆரம்பித்தது, சிங்கப்பூருக்கு அது யாரும் எதிர்பாராத நிம்மதி. உள்நாட்டில் பெரிய மாற்றம், கோ நிதியை விட்டுவிட்டு உள்துறை, தற்காப்பு அமைச்சரானார். நிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நடத்திக் காட்டிய லிம் கிம் சானிடம் போனது. அந்தக் கழகம் 1960இல் தொடங்கிய ஐந்தே வருடத்தில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருந்தது. டிசம்பர் 22 நிறைவேறிய சட்டங்கள் ஆகஸ்ட் 9லிருந்தே சிங்கப்பூரைக் குடியரசாக்கின, யூசோஃப் இஷாக் முதல் அதிபர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகளாகத் தொடர்ந்தன. எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ் இந்தச் சுதந்திரமே போலி என்று சொல்லி நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது. அது அவர்கள் செய்த பெரிய தவறு என்பது என் எண்ணம், அவைக்குள் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போனது.

ராணுவம்தான் பெரிய தலைவலி. இருந்தது இரண்டு காலாட்படைப் பிரிவுகள், அவையும் மலேசியத் தளபதியின் கீழ். லீ இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் எகிப்தின் நாசருக்கும் எழுதி உதவி கேட்டார். இருவரும் வாழ்த்துச் சொன்னார்கள், படை கட்டித்தர முன்வரவில்லை. சாஸ்திரி அப்போது பாகிஸ்தானோடு போரில் இருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. கோ இஸ்ரேல் பக்கம் போனார். நவம்பரில் அங்கிருந்து ஒரு சிறு குழு வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்து முஸ்லிம் நாடுகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அவர்களை "மெக்சிகோக்காரர்கள்" என்று அழைத்தார்கள்.

டிசம்பர் 8, சுதந்திர சிங்கப்பூரின் நாடாளுமன்றம் முதல்முறையாகக் கூடியது. சிங்கப்பூரில் நிறுத்தப்பட்டிருந்த மலேசியப் படையின் தளபதி லீயிடம் வந்து, நகரமன்றக் கட்டடத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தன் வீரர்கள்தான் மோட்டார் சைக்கிளில் காவலாக வருவார்கள் என்று வற்புறுத்தினார். மறுத்துச் சண்டை போடும் நிலையில் லீ இல்லை. அந்தக் குறுகிய தூரத்தை, சுதந்திர நாட்டின் பிரதமர் மலேசிய ராணுவ மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் காரில் போனார்.